வெண்கல வார்ப்புக்குப் பீங்கான் ஓட்டு அச்சு

ஊர்ப் பொதுப்பணம் திரட்டி அம்மனுக்குத் திருமேனி வார்க்க முனையும்போது, அச்சு உடைந்தால் உலோகமும் உழைப்பும் வீணாகும். ஆகவே படூருக்கு அருகே ஒரு வார்ப்புக் கூடத்தில் நாம் கண்ட சோதனையை ஊராட்சி உறுப்பினர்கள் அறிதல் நலம்.

சுவாமிமலை ஸ்தபதிகளின் முறை பலரும் அறிந்ததே. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் சமைத்து, அதன்மேல் காவிரி வண்டலை மெல்லெனப் பூசி, பின்னர்ப் பருமண் பொதிந்து கம்பியால் கட்டுவர். சூட்டில் மெழுகு வடிந்த வெற்றிடத்தில், அம்மெழுகைப்போல் 8 அல்லது 9 மடங்கு எடையுள்ள உலோகம் நிரம்பும். புதிய முறையிலும் மெழுகுரு உண்டு. மண்ணுக்குப் பதிலாக நுண்ணிய சிலிக்கா கலந்த கூழில் அதனைத் தோய்த்து, மணல் தூவி உலர்த்துகின்றனர். இவ்வாறு 6 முதல் 9 பூச்சுகள் இட்டால் விரற்கடைக்கும் குறைந்த கனத்தில் ஓடு அமைகிறது.

சிலையில் கைவைக்குமுன், கைம்மணி அளவில் மூன்று ஓடுகளைச் செய்து பார்த்தனர். முதல் ஓட்டை மெதுவாகச் சூடேற்றினர், அது வெடித்தது. மெதுவான சூடே நல்லதென்று நாமும் எண்ணியிருந்தோம். ஆனால் மெழுகு உருகுமுன் ஓட்டைவிட மிகுதியாக விரிந்து அதனைப் பிளந்துவிடுகிறது. இரண்டாவதை நன்கு காய்ந்த உலையில் திடீரென வைத்தனர். மேற்புற மெழுகு முதலில் உருகி வழிவிட்டமையால் ஓடு பிழைத்தது. சாயநீர் ஊற்றி விரிசல் இல்லையெனக் கண்டு, மீண்டும் உலர்த்திச் சுட்டபின் வார்த்தனர்.

மூன்றாவது ஓடு கண்ணுக்கு உலர்ந்தே தோன்றிற்று. தராசிலோ அதன் எடை நாள்தோறும் குறைந்துகொண்டிருந்தது. நெல்லைக் காயவைப்பவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கடற்காற்று ஈரமுள்ள இப்பகுதியில் எடை குறையாது நிற்கும்வரை ஓட்டை உலையில் வைத்தலாகாது. நீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். உலையில் ஓடு சிதறும். வார்க்கும் வேளையிலாயின் உருகிய உலோகமே ஆள்மேல் தெறிக்கும்.

வார்த்தபின் ஓட்டை உடைக்கையில் எழும் சிலிக்காத் தூசி நுரையீரலை அரிக்கும். நீர் தெளித்து, தூசி தடுக்கும் தக்க முகக்கவசம் அணிந்தே உடைத்தல் வேண்டும். இத்தகைய கூடத்திற்கு இடம் காட்டும் ஊராட்சியார், காற்று அங்கிருந்து குடியிருப்பின்மீது வீசாத திசையில் ஒதுக்குவார்களாக.