மறதி நோயும் மூளையின் துருவும்

நினைவே முதுமையின் ஊன்றுகோல். மருத மரக்கிளையேறி மடுவில் குதித்த இளமையை முதுமையில் எண்ணி இரங்கிய தொடித்தலை விழுத்தண்டினாரைப் புறநானூற்றில் காண்கிறோம். உடல் தளர்ந்தும் அவர்க்கு நினைவு தளரவில்லை. அந்நினைவையே பறிக்கும் நோயொன்றைச் செருமானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906இல் விளக்கியுரைத்தார். அஃது அவர் பெயராலேயே வழங்குகிறது. இந்தியாவில் அறுபது வயது கடந்தோருள் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் மறதி நோய்களால் வருந்துவதாக 2023இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. மறதி நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோயே.

இந்நோயுற்றார் மூளையில் அமிலாய்டு என்னும் புரதம் நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுகளாகப் படிகிறது; டௌ என்னும் புரதம் உள்ளே முடிச்சுகளாகச் சிக்குண்கிறது. இவற்றோடு ஆய்வாளர் கண்ட மற்றொன்று ஆக்சிஜனேற்ற அழுத்தம்.

அஃது யாது? திருவெறும்பூர்க் கொதிகலன் ஆலையை அறிந்த நம் திருச்சியார்க்கு இஃது எளிதில் விளங்கும். உயிரணுவின் கொதிகலன் மைட்டோகாண்ட்ரியா. அஃது ஆக்சிஜனால் உணவை எரித்து ஆற்றல் தருகையில், 'தனி உறுப்புகள்' எனப்படும் பொறிகளும் சிதறுகின்றன. அவை கொழுப்பையும் புரதத்தையும் மரபுப் பொருளையும், துரு இரும்பை அரிப்பதுபோல் அரிக்கும். குளூட்டாதயோன், கேட்டலேஸ் முதலியன அவற்றை அவித்துக் காக்கும். பொறி மிகுந்து காவல் குறைந்த நிலையே இவ்வழுத்தம். உடலெடையில் 2 விழுக்காடேயான மூளை, உடல் கொள்ளும் ஆக்சிஜனில் 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது. எளிதில் தாக்குண்ணும் கொழுப்பும் அங்கு மிகுதி. ஆதலின் ஊறும் மிகுதி.

அங்ஙனமாயின், துரு நீக்கும் மருந்து நோய் நீக்குமா? 1997இல் இடைநிலை நோயாளர் 341 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு, வைட்டமின் ஈ நோயின் முடுக்கத்தைத் தணித்ததென நம்பிக்கையூட்டியது. 2014இல் வெளிவந்த ஆய்வில், அன்றாடச் செயல்திறன் குன்றுவது மெதுவாயிற்று, நினைவாற்றலோ மேம்படவில்லை. 2005, 2017ஆம் ஆண்டு ஆய்வுகளில் வைட்டமின் ஈ நோய் வாராது தடுக்கவில்லை. சோதனைக்கூடத்தில் சிறந்து விளங்கிய மஞ்சளின் குர்க்குமினும், குருதியில் மிகக் குறைவாகவே சேர்வதால், மாந்தரிடம் பயன் நிறுவப்பெறவில்லை. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னார் வளைகுடாக் கடற்பாசிகளில் இத்தகைய காப்புப் பொருள்களை ஆராய்ந்துள்ளனர். அவையும் மருந்தாவதற்கு நெடுந்தொலைவு உண்டு.

அழுத்தம் நோய்க்குக் காரணமா, விளைவா என்பதே இன்றைய வினா. அமிலாய்டு செம்பு, இரும்போடு கூடிப் பொறிகளை விளைக்கிறது. பொறிகள் அமிலாய்டைப் பெருக்குகின்றன. இச்சுழலை எங்கு அறுப்பது? பொறிகளை அவிப்பதினும் கொதிகலனையே செப்பனிடலாமா என ஆய்வாளர் நாடுகின்றனர். 2023இல் அமெரிக்கா முழு ஒப்புதல் அளித்த லெக்கானெமாப், அமிலாய்டைக் களைந்து நோயைச் சற்றே தாமதப்படுத்துகிறது, குணப்படுத்துவதில்லை.

எனவே, நினைவு மாத்திரை விளம்பரங்களை நம்பிப் பொருளிழத்தல் வேண்டா. குருதி உறையாமைக்கு மருந்துண்போர் வைட்டமின் ஈயை மிகுதியாக உட்கொண்டால் குருதிப்போக்கும் நேரலாம். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்தல், நடைப்பயிற்சி, புகை விலக்கல், செவித்திறன் பேணல் ஆகியவை உண்மைக் காப்புகள். தைராய்டு குறைபாட்டாலும் பி12 குறைபாட்டாலும் வரும் மறதி சிகிச்சையால் மாறக்கூடும். ஆதலின் முதுமையென்று ஒதுக்காது மருத்துவரை நாடுக. கேட்டதையே மீண்டும் கேட்கும் பெரியவரைக் கடிந்துகொள்ளாதீர். அவர் கேட்பது பிடிவாதத்தால் அன்று, நோயால் என்பதை நம் இல்லங்கள் உணர்தல் வேண்டும்.