ஜீவனாம்சம் வரலையா? ஒரு வருஷக் கணக்கை மறந்துடாதீங்க!

'மாசம் பத்தாயிரம் ரூபாய் கொடுக்கணும்'னு கோர்ட் சொல்லிடுச்சு. முதல் ரெண்டு மாசம் பணம் வந்தது. மூணாவது மாசம், 'சம்பளம் லேட்'. அதுக்கப்புறம் போனையே எடுக்கலை. 'எப்படியும் தந்துதானே ஆகணும், பார்த்துக்கலாம்'னு விவாகரத்தான பெண்கள் பலர் தள்ளிப்போடுறது இங்கேதான். சிக்கலும் இங்கேதான்.

உத்தரவு கையில் இருந்தா மட்டும் பணம் வந்துடாது. நிலுவையை வசூலித்துத் தரச் சொல்லி, தனியாக ஒரு மனு போடணும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. பெயர்தான் மாறியிருக்கு, நிபந்தனை மாறலை. ஒவ்வொரு மாதத் தொகைக்கும், அது தரவேண்டிய தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட்டால்தான் வாரன்ட் கிடைக்கும். ரெண்டு வருஷம் பொறுத்துட்டுப் போனா, கடைசி 12 மாத பாக்கிக்கு மட்டும்தான் இந்த வழி.

அப்போ பழைய பாக்கி? அது அழியாது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், அந்தப் பணத்தை சிவில் வழியில் வசூலிக்கலாம்னு 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆனா, சிவில் வழக்கு எவ்வளவு இழுக்கும்னு உங்களுக்கே தெரியும்.

மனு போட்டதும் அவருக்கு நோட்டீஸ் போகும். நியாயமான காரணம் இல்லைன்னா, சொத்தை ஜப்தி செய்ய வாரன்ட். அதுக்கும் பணம் தேறலைன்னா ஒரு மாதம் வரை, அல்லது பணத்தைக் கட்டும் வரை சிறை. 'அதான் ஜெயிலுக்குப் போயிட்டு வந்துட்டேனே, கணக்கு முடிஞ்சது'ன்னு சிலர் வீறாப்பா பேசுவாங்க. முடியாது. சிறைக்குப் போனாலும் கடன் அப்படியேதான் இருக்கும். வேற ஊருக்கு மாறிட்டாரா? அவர் இருக்கும் ஊர் மாஜிஸ்ட்ரேட் மூலமாகவும் உத்தரவை நிறைவேற்றலாம்.

குடும்ப வன்முறைச் சட்டத்தில் வாங்கிய உத்தரவுன்னா இன்னொரு வசதி உண்டு. அவர் சம்பளத்தில் பிடித்து உங்ககிட்ட நேரடியா கொடுக்கும்படி, வேலை பார்க்கும் நிறுவனத்துக்கே மாஜிஸ்ட்ரேட் உத்தரவிடலாம்.

பணத்தை எப்பவும் வங்கிக் கணக்கிலேயே வாங்குங்க. 'கையில கேஷா கொடுத்தேனே'ன்னு அவர் கோர்ட்டில் சொன்னா, உங்க பேங்க் ஸ்டேட்மென்ட் பேசும். எந்த மாசம் எவ்வளவு பாக்கின்னு ஒரு பட்டியலும் போட்டு வெச்சுக்கோங்க.

வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லையா? வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம். இல்லைன்னா 15100-க்கு போன் பண்ணலாம்.