ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லையா? பதறாமல் தேடுங்கள்!

கடந்த ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை. இரவெல்லாம் இடியும் மழையும். திருவனந்தபுரத்தில் நான் தங்கியிருக்கும் அறைக்கு ஈத்தாமொழியில் இருந்து அப்பாவின் போன் வந்தது.

"மக்களே, பெட்டி ஓடுது. ஆனா அம்மைக்க படம் ஒண்ணும் காணல்ல. பக்கத்துப் பையன் வந்து பாத்தான். ரெண்டு டிஸ்க் செத்துப்போச்சாம். புதுசு வாங்கிப் போட்டு, அழிச்சு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லுகான். செய்யச் சொல்லட்டா?"

"வேண்டாம்ப்பா. ஒண்ணும் தொடாண்டாம். ஆஃப் பண்ணி, வயரை உருவி வையுங்க. நான் வாறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அப்பா "பெட்டி" என்று சொல்வது எங்கள் வீட்டு ஸ்டோரேஜ் சர்வரை. அதாவது, வீட்டில் உள்ள எல்லா கம்ப்யூட்டர்களும் போன்களும் டிவியும் நெட்வொர்க் வழியாகப் பைல்களை வைக்கவும் எடுக்கவும் உதவும் பொதுவான கம்ப்யூட்டர். இதற்கென்றே தயாரான பெட்டிகள் என்.ஏ.எஸ். என்ற பெயரில் கடைகளில் கிடைக்கின்றன. நான் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் ஓப்பன் மீடியா வால்ட் என்ற இலவச சாப்ட்வேரைப் போட்டு அமைத்திருந்தேன். சிஸ்டத்துக்கு ஒரு சிறிய எஸ்.எஸ்.டி., டேட்டாவுக்கு 4 டி.பி. ஹார்ட் டிஸ்க்குகள் நான்கு.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் மாவட்டத்தைத் தாக்கியபோது வீட்டின் ஓடு பறந்து, ஆல்பங்கள் எல்லாம் நனைந்துவிட்டன. ஒட்டிக்கொண்ட போட்டோக்களைப் பிரித்து, காயவைத்து, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தேன். அச்சுப்படங்கள் பிறகு பூஞ்சை பிடித்துப் போயின. அம்மாவும் இப்போது இல்லை. ஆகவே அந்தப் பெட்டிக்குள் இருந்தது வெறும் டேட்டா அல்ல.

இதே போன்ற நிலை உங்களுக்கும் வரலாம். சர்வர் இல்லாமல், ஒரு கம்ப்யூட்டரும் ஒரு யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க்கும் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான். எப்படித் தேடுவது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில், செய்யக் கூடாதவை

டிஸ்க் கண்ணில் படவில்லை என்பதும், டேட்டா அழிந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. பெரும்பாலும் டேட்டா அழிவது, பதற்றத்தில் நாம் அழுத்தும் பட்டனால்தான்.

விண்டோஸ் சில நேரம் "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த பார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று கேட்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் "இனிஷியலைஸ் செய்யவும்" என்று ஒரு கட்டம் வரும். சர்வர் சாப்ட்வேரில் "கிரியேட்" என்று ஒரு பட்டன் இருக்கும். எதற்கும் சம்மதம் சொல்லாதீர்கள். கேன்சல் செய்துவிட்டு வெளியே வாருங்கள்.

என் நான்கு டிஸ்க்குகளும் ரெய்டு 5 என்ற முறையில் இணைந்தவை. இந்த முறையில் நான்கில் ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா பிழைக்கும். இரண்டு போனால் பிழைக்காது. மீதி இரண்டை வைத்துக்கொண்டு, புதிய டிஸ்க்குகள் சேர்த்து "கிரியேட்" கொடுத்திருந்தால், அம்மாவின் படங்கள் அன்றோடு முடிந்திருக்கும்.

காணாமல் போனது டிஸ்க்கா, வழியா?

அடுத்து, இந்தக் கேள்விக்கு விடை தேடுங்கள். கரண்ட் போய் வந்ததும் ரூட்டர் உங்கள் சர்வருக்கு வேறு ஐ.பி. முகவரி கொடுத்திருக்கலாம். அப்போது பழைய முகவரியில் தேடினால் சர்வரே இல்லாதது போல் தோன்றும். ரூட்டரின் பக்கத்தில் இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். சர்வரின் முகவரி மாறாமல் இருக்கும்படி அங்கேயே அமைத்துவிடலாம்.

பழைய என்.ஏ.எஸ். வைத்திருப்பவர்கள் புதிய கம்ப்யூட்டர் வாங்கியதும் "சர்வரைக் காணவில்லை" என்பார்கள். பழைய சாதனங்கள் பேசும் எஸ்.எம்.பி. 1 என்ற முறையைப் பாதுகாப்புக் காரணத்தால் 2017-க்குப் பிறகு வந்த விண்டோஸ் பதிப்புகள் தானாக நிறுவுவதில்லை. இங்கும் டிஸ்க் பத்திரமாகத்தான் இருக்கும். என்.ஏ.எஸ். சாப்ட்வேரை அப்டேட் செய்து, அதன் செட்டிங்கில் எஸ்.எம்.பி. 2 அல்லது 3-ஐத் தேர்ந்தெடுங்கள்.

எங்கள் வீட்டில் சர்வரின் பக்கம் திறந்தது. பட்டியலில் நான்குக்குப் பதில் இரண்டு டிஸ்க்குகளே இருந்தன. ஆகவே வழியில் கோளாறு இல்லை.

பயாஸ் என்ன சொல்கிறது?

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலிட் அல்லது எப்2 கீயை (மதர் போர்டைப் பொறுத்து மாறும்) தட்டினால் பயாஸ் திரை வரும். அங்கே இணைந்துள்ள டிஸ்க்குகளின் பெயர்கள் இருக்கும். இந்தத் திரைதான் கோளாற்றை இரண்டாகப் பிரிக்கிறது. பயாஸில் டிஸ்க் தெரிந்து, விண்டோஸில் தெரியவில்லை என்றால் பிரச்னை பெரும்பாலும் சாப்ட்வேரில். பயாஸிலேயே தெரியவில்லை என்றால் கரண்ட், கேபிள், போர்ட், டிஸ்க் ஆகிய நான்கில் ஒன்றில், அல்லது பயாஸ் செட்டிங்கில்.

பயாஸில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். மதர் போர்டில் உள்ள சி.ஆர். 2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்தால் தேதி பின்னுக்குப் போகும், செட்டிங்குகள் மாறிவிடும், டிஸ்க் முறையும் மாறலாம். அடுத்து, சில மதர் போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் சில சாட்டா போர்ட்டுகளும் ஒரே பாதையைப் பங்கு போட்டுக்கொள்ளும். புதிதாக எம்.2 எஸ்.எஸ்.டி. மாட்டிய அன்றே பழைய ஹார்ட் டிஸ்க் மறைந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். மதர் போர்டு கையேட்டில் விவரம் இருக்கும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் போதும்.

என் பயாஸிலும் இரண்டே டிஸ்க்குகள்தான் தெரிந்தன. ஆகவே பெட்டியைத் திறந்தேன்.

இரண்டும் ஒரே இரவில் சாகுமா?

இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரு டிஸ்க் பழுதாவது சாதாரணம். இரண்டு ஒரே நேரத்தில் மறைந்தால், அந்த இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று கேளுங்கள். தெருவில் இரண்டு வீட்டில் ஒன்றாகக் கரண்ட் போனால் நாம் பல்பையா மாற்றுகிறோம்? போஸ்ட் மரத்தைத்தானே போய்ப் பார்க்கிறோம்!

ஓடும்போது ஹார்ட் டிஸ்க்கின் பக்கத்தில் மெதுவாக விரல் வைத்தால் லேசான அதிர்வு தெரியும். என் இரண்டு டிஸ்க்குகளில் அதிர்வே இல்லை. அதாவது கரண்ட் போகவில்லை. (மாறாக, "டக், டக்" என்று சீராகச் சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அது உள்ளே ஏற்பட்ட பழுது. ஓட ஓடச் சேதம் கூடும். முக்கியமான டேட்டா என்றால் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம்தான் போக வேண்டும்.)

கம்ப்யூட்டரை அணைத்து, மெயின் வயரை உருவி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திவிட்டு கேபிளைப் பின்தொடர்ந்தேன். என் எஸ்.எம்.பி.எஸ்.-ல் சாட்டா பவர் பிளக்குகள் மூன்றுதான். அவை எஸ்.எஸ்.டி.க்கும் இரண்டு டிஸ்க்குகளுக்கும் போய்விட்டன. மீதி இரண்டுக்கும் பழைய நான்கு பின் பிளக்கில் இருந்து ஒய் வடிவில் பிரியும் மலிவான கேபிள் ஒன்றை நானே வாங்கி மாட்டியிருந்தேன். அதன் பின்கள் கறுத்து, பச்சைப் பாசி பிடித்தது போல் இருந்தன. பிளாஸ்டிக் ஓரம் சூட்டில் பழுத்திருந்தது. எங்கள் ஊரில் கடல் சில கிலோமீட்டர்தான். உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே விட்டுவைப்பதில்லை, இந்தப் பின்னையா விடும்?

3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட் வயரில் ஏறத்தாழ 2 ஆம்பியர், அதாவது 24 வாட் வரை இழுக்கும். சுழன்ற பிறகு சில வாட்டுகள் போதும். அரித்துப்போன பின், ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை எப்படியோ தாங்கிக்கொள்ளும். கரண்ட் போய்த் திரும்ப ஆன் ஆகும்போது இரண்டு டிஸ்க்குகளும் ஒன்றாக இழுக்க, கைவிட்டுவிடும். இடி விழுந்த இரவுக்கு மறுநாள் டிஸ்க் மறைந்ததால், இடிதான் டிஸ்க்கைக் கொன்றது என்று பக்கத்துப் பையன் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

மாற்றி மாட்டிப் பார்க்கும் சோதனை

சந்தேகத்தை உறுதி செய்ய, வேலை செய்யும் டிஸ்க்கின் பவர் பிளக்கை, காணாமல் போன டிஸ்க்கில் மாட்டினேன். பயாஸில் அது தெரிந்தது. அடுத்ததும் அப்படியே. டிஸ்க்குகள் உயிரோடு இருக்கின்றன!

ஒவ்வொரு தடவையும் முழுவதும் அணைத்த பிறகே மாற்ற வேண்டும். ரெய்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: இந்தச் சோதனையின்போது எஸ்.எஸ்.டி.யின் கேபிளைக் கழற்றிவிட்டு, பயாஸ் திரையோடு நிறுத்திக்கொண்டேன். அரைகுறை டிஸ்க்குகளோடு சிஸ்டம் எழுந்து எதையாவது எழுதினால், டிஸ்க்குகளுக்குள் கணக்கு ஒத்துப்போகாமல் சிக்கல் ஆகும்.

பவர் சரியாக இருந்தும் டிஸ்க் தெரியாவிட்டால் இதே போல் சாட்டா டேட்டா கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். கோளாறு கேபிளோடு போகிறதா, போர்ட்டிலேயே நிற்கிறதா, டிஸ்க்கோடு போகிறதா என்று கவனித்தால் குற்றவாளி சிக்கிவிடும். ஆனால் வேறு எஸ்.எம்.பி.எஸ்.-க்கு உரிய, கழற்றி மாட்டும் பவர் கேபிளை மட்டும் மாற்றி மாட்டாதீர்கள். பிளக் பொருந்தினாலும் உள்ளே வயர் வரிசை வேறாக இருந்தால் டிஸ்க் எரிந்துவிடும்.

பயாஸில் தெரிந்து, விண்டோஸில் தெரியாவிட்டால்

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறவுங்கள். டிஸ்க் "ஆப்லைன்" என்று இருந்தால் அதன் பெயரில் ரைட் கிளிக் செய்து "ஆன்லைன்" கொடுங்கள். பார்ட்டிஷன் இருந்து எழுத்து மட்டும் இல்லை என்றால், புதிய டிரைவ் எழுத்து கொடுத்தால் போதும். இந்த இரண்டாலும் டேட்டா அழியாது. "அன்அலோகேட்டட்" அல்லது "ரா" என்று காட்டினால் அங்கேயே நிறுத்துங்கள்.

டிஸ்க் தெரிகிறது, இடம்தான் குறைகிறது என்பவர்களும் உண்டு. 4 டி.பி. டிஸ்க்கை விண்டோஸ் 3.6 டி.பி. என்று காட்டுவது கணக்கிடும் முறை வேறுபாடு மட்டுமே. 3 டி.பி. டிஸ்க் 746 ஜி.பி. என்று காட்டினால், பழைய யு.எஸ்.பி. அடாப்டரோ டிரைவரோ 2 டி.பி.க்கு மேல் எண்ணத் தெரியாமல் திணறுகிறது என்று பொருள்.

கிடைத்த பிறகு

நாகர்கோவிலில் போதுமான சாட்டா பிளக்குகள் உள்ள புதிய எஸ்.எம்.பி.எஸ். வாங்கி மாட்டினேன். நான்கு டிஸ்க்குகளும் பயாஸில் தெரிந்த பிறகே சிஸ்டத்தை எழுப்பினேன். ரெய்டு தானாகச் சேர்ந்துகொண்டது. மற்ற சோதனைகளுக்கு முன்னால், அம்மாவின் போல்டரை ஒரு யு.எஸ்.பி. டிஸ்க்கில் காப்பி செய்தேன். அப்பா அதுவரை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் படம் திறந்ததும் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

பிறகு டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்த்தேன். விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச புரோகிராம் இதைக் காட்டும். 5, 197, 198 ஆகிய எண்களுக்கு எதிரே உள்ள மதிப்பு ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் தேய்கிறது, மாற்ற வேண்டும். 199 ஏறினால் பெரும்பாலும் டேட்டா கேபிளைத்தான் மாற்ற வேண்டும்.

என்னிடம் இருந்த உண்மையான பழுது, கேபிளில் மட்டும் இல்லை. ரெய்டு இருக்கிறதே என்று நினைத்து நான் இரண்டாவது காப்பி எடுக்கவே இல்லை. ரெய்டு டிஸ்க் பழுதில் இருந்துதான் காக்கும். தவறான பட்டனில் இருந்தும், திருட்டு, தீ, இடியில் இருந்தும் காக்காது. இப்போது முக்கியமான போல்டர்கள் பெட்டியில் ஒன்று, யு.எஸ்.பி. டிஸ்க்கில் ஒன்று, திருவனந்தபுரத்தில் என் அலமாரியில் ஒன்று என மூன்று இடங்களில் இருக்கின்றன. இடி இடித்தால் அப்பா பெட்டியை முறைப்படி ஷட்டவுன் செய்து, பவர் வயரையும் நெட்வொர்க் கேபிளையும் உருவிவிடுகிறார். மின்னலின் வீச்சு இரண்டு வழியாகவும் வரும்.

நீங்களும் இன்று ஒரு சிறிய வேலை செய்யுங்கள். உங்கள் டிஸ்க்குகளின் சீரியல் எண்ணையும், எது எந்தப் போர்ட்டில், எந்தப் பவர் வயரில் இருக்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். ஒரு நாள் டிஸ்க் காணாமல் போனால், தேடலை அந்தத் தாளில் இருந்து தொடங்கலாம்.