அடிக்குறிப்பு எங்கே போனது?

கோயில் மலர், குடும்ப வரலாறு, பள்ளி நினைவிதழ் என்று நம்மவர்கள் இப்போது நிறைய எழுதுகிறார்கள். வானொலியில் பேசுகிறவன் என்பதால் "கொஞ்சம் பார்த்துக் கொடுங்களேன்" என்று சில என்னிடமும் வருகின்றன.

அப்படி வந்தது ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த ஒரு பெரியவரின் நினைவுகள். வேர்டில் தட்டச்சு செய்தவர் அவருடைய பேத்தி. பெரட்டு, ஆயாக் கொட்டகை போன்ற சொற்களுக்கு விளக்கமும், எந்தச் சம்பவத்தை யார் சொன்னார் என்ற தகவலும் அடிக்குறிப்பில்தான் இருந்தன. அச்சகத்திலிருந்து திருத்தப்படி வந்தபோது ஒரு குறிப்பும் இல்லை! சொன்னவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை.

காரணம் எளிது. வேர்ட், அடிக்குறிப்புகளைக் கட்டுரையோடு வைப்பதில்லை. தனியாகச் சேமித்து, வரியில் எண்ணை மட்டும் காட்டுகிறது. எழுத்தை மட்டும் நகலெடுத்து வேறு மென்பொருளில் ஒட்டினால் குறிப்புகள் பின்தங்கிவிடும். ஆகவே, அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் அவற்றைச் சாதாரண எழுத்தாக மாற்றிவிடுவது நல்லது.

நான் விரும்பும் வழி இது. 'சேவ் ஆஸ்' போய், 'வெப் பேஜ், ஃபில்டர்ட்' என்று வேறு பெயரில் சேமியுங்கள். அதையே மறுபடி வேர்டில் திறந்தால் குறிப்புகள் எல்லாம் கட்டுரையின் இறுதியில் வரிசையாக நிற்கும். எண்கள் நீல இணைப்புகளாகத் தெரியும். முழுவதையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இணைப்பும் போய்விடும். தடித்த எழுத்து, சாய்வெழுத்து அப்படியே இருக்கும்.

'பிளெயின் டெக்ஸ்ட்' ஆகவும் சேமிக்கலாம். ஆனால் தமிழுக்கு அங்கே ஒரு கண்ணி உண்டு. குறியாக்கம் கேட்கும் பெட்டியில் 'விண்டோஸ் டிஃபால்ட்' என்பதை விட்டுவைத்தால் தாத்தாவின் வாழ்க்கை முழுக்கக் கேள்விக்குறிகளாகிவிடும். 'யூனிகோட் யுடிஎஃப்-8' தேர்ந்தெடுங்கள்.

நாலைந்து குறிப்புகள்தான் என்றால் கையாலேயே செய்யலாம். குறிப்பை நகலெடுத்து வரியில் அடைப்புக்குறிக்குள் ஒட்டி, எண்ணை அழியுங்கள்; எண்ணை அழித்தால் கீழே உள்ள குறிப்பும் தானே மறையும். கடைசிக் குறிப்பிலிருந்து தொடங்குங்கள். முதலில் 1-ஐ அழித்தால் 2 உடனே 1 ஆகி, குழப்பம்தான். வானொலிக்கு வாசிக்க நான் இப்படித்தான் மாற்றிக்கொள்கிறேன். நேயருக்குப் பக்கத்தின் அடி ஏது?

மாற்றிய பிறகு எண்கள் தானாக வரிசை மாறாது. அதனால் எல்லாத் திருத்தமும் முடிந்தபின் இதைச் செய்யுங்கள். மூலக் கோப்பு தனியே இருக்கட்டும். அதிலுள்ள கடைசி எண்ணும் அச்சகப் படியின் கடைசி எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.