அனுமதி டெல்லியில், இசைவாணை இங்கே

ஓர் ஆலைக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி கொடுத்துவிட்டது என்று செய்தி வந்ததும் ஊரே சோர்ந்துபோகிறது. இனி மனுக் கொடுத்து என்ன பயன் என்று பலர் விலகிவிடுகிறார்கள். அப்படி விலக வேண்டியதில்லை. சுற்றுச்சூழல் அனுமதி வேறு, ஆலையை ஓட்டுவதற்கான இசைவாணை வேறு. பின்னதைக் கொடுப்பதும் மறுப்பதும் மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியம்.

இந்த இரட்டை ஏற்பாட்டுக்குக் காரணம் உண்டு. தண்ணீர், அரசமைப்புச் சட்டப்படி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் இசைவாணைக்கு அடிப்படையான 1974-இன் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை, சில மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்ட பிறகே நாடாளுமன்றம் இயற்றியது. 1986-இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் அப்படி வந்ததல்ல. அது போபால் விபத்துக்குப் பிறகு, மத்திய அரசுக்குப் பரந்த அதிகாரம் தந்து வந்த சட்டம். சுற்றுச்சூழல் அனுமதி பற்றிய 2006-இன் அறிவிக்கை அந்தச் சட்டத்தின் கீழ் வந்ததுதான். பெரிய திட்டங்களை டெல்லி பார்க்கும், மற்றவற்றை மாநில அளவிலான ஆணையம் பார்க்கும் என்று அது பிரித்தது.

உதாரணமாக, தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு மத்திய அனுமதி 1995-லேயே கிடைத்திருந்தது. ஆனாலும் 2018 ஏப்ரலில் இசைவாணையைப் புதுப்பிக்க மாநில வாரியம் மறுத்தது. மே 22, 23 தேதிகளில், ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். அடுத்த சில நாட்களில் ஆலையை மூட மாநில அரசு ஆணையிட்டது. டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆலைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தீர்ப்பாயத்துக்கு அந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரமே இல்லை என்பதுதான் காரணம். 2020-இல் சென்னை உயர் நீதிமன்றம் மூடலை உறுதிசெய்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. மத்திய அனுமதி இருந்தும் ஆலை மூடிக் கிடப்பது மாநில வாரியமும் மாநில அரசும் இட்ட ஆணைகளால்தான். யாருடைய ஆணையை எங்கே எதிர்ப்பது என்பதே வழக்கின் போக்கை மாற்றும் என்பதையும் இதில் பார்க்கலாம்.

அதனால் முதலில் ஆணையைக் கொடுத்தது யார் என்று பாருங்கள். சுற்றுச்சூழல் அனுமதி என்றால், டெல்லி கொடுத்திருந்தாலும் மாநில ஆணையம் கொடுத்திருந்தாலும், பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. கெடு 30 நாள்; தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். அதற்குமேல் ஒரு நாள் தாமதித்தாலும் மேல்முறையீட்டை ஏற்கமாட்டார்கள். மாநில வாரியத்தின் இசைவாணை என்றால் முதலில் போக வேண்டிய இடம் மாநிலத்தின் மேல்முறையீட்டு ஆணையம். அங்கும் கெடு 30 நாள்தான். மாசினால் பயிரோ உடலோ கெட்டிருந்தால், இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய 5 ஆண்டுவரை நேரம் உண்டு.

சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். பேசத் தயங்குபவர்கள் எழுதிக் கொடுக்கலாம். எல்லாத் திட்டத்துக்கும் இந்தக் கூட்டம் நடக்காது. 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளை மாநில ஆணையத்தின் பொறுப்புக்கு மாற்றிய மத்திய அரசு, கூடவே கருத்துக்கேட்பையும் நீக்கியது. மக்களின் குரலை வெட்டிவிட்டுக் கொடுக்கும் இத்தகைய அதிகாரத்தை மாநில உரிமை என்று கொண்டாட முடியாது.

இன்னொரு மாற்றமும் கவலை தருகிறது. நீர்ச் சட்டத்துக்கு 2024-இல் வந்த திருத்தம், எந்த வகை ஆலைகளுக்கு இசைவாணையே தேவையில்லை என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. முதலில் இது இமாசலப் பிரதேசம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்கள் ஆகியவற்றுக்கே பொருந்தியது. மற்ற மாநிலத்தில் செல்லுபடியாக வேண்டுமானால் அந்த மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட வேண்டும். அந்தத் தீர்மானத்தில் அவர் நிலை என்ன என்று உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள்.