கைப்பிடித்து நடத்துபவரின் தகுதி

மதுரை காளவாசல் சந்திப்பைக் கடந்து நகருக்குள் சிகிச்சைக்காக வருவோரில், பக்கவாதத்தால் கை, கால் செயலிழந்தவர்களும் எலும்பு முறிவுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் உண்டு. மருத்துவர் இயன்முறைச் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார். அதன்பின் வாரக்கணக்கில் நோயாளியைக் கைப்பிடித்து நடத்துபவர் யார், அவர் என்ன படித்தவர் என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

இயன்முறைச் சிகிச்சையாளர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் படித்துப் பட்டம் பெறுபவர். நோயாளியைப் பரிசோதித்துச் சிகிச்சையைத் திட்டமிடுவது அவர் பொறுப்பு. அத்திட்டத்தின்படி அன்றாடப் பயிற்சி அளிப்பவர் உதவியாளர். இரண்டும் வெவ்வேறு பணிகள் என்பதைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தொழில் வகைப்பாடும் ஏற்கிறது.

அமெரிக்காவில் இந்த உதவியாளர்களுக்கான படிப்பு 1967-இல் தொடங்கியது. அங்கீகரிக்கப்பட்ட இரண்டாண்டுப் படிப்பு, மருத்துவமனைப் பயிற்சி, தேசிய அளவிலான தேர்வு ஆகியவற்றுக்குப் பிறகே மாநில உரிமம் கிடைக்கிறது. உரிமம் பெற்றவரும் சிகிச்சையாளரின் மேற்பார்வையில்தான் பணியாற்ற வேண்டும். நோயைக் கணிக்கவோ, சிகிச்சைத் திட்டத்தைத் தாமாக மாற்றவோ கூடாது.

இந்த எல்லைக்கோடு ஏன் தேவை? பக்கவாதத்தால் தளர்ந்த கையை இழுத்துத் தூக்கினால் தோள் மூட்டு விலகக்கூடும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு வெப்ப ஒத்தடம் தீக்காயமாகிவிடலாம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் கெண்டைக்காலில் தோன்றும் வலி, இரத்தக் கட்டியின் அறிகுறியாகவும் இருக்கலாம். அதை அழுத்தித் தேய்ப்பது உயிருக்கே ஆபத்து. எங்கே நிறுத்திச் சிகிச்சையாளரை அழைக்க வேண்டும் என்று அறிவதே உதவியாளர் பெற வேண்டிய முதல் பயிற்சி.

இந்தியாவில் துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் நடைமுறைக்கு வந்தது. துணை மருத்துவப் பணியாளருக்கு 2,000 மணி நேரமும், சுகாதாரத் தொழில்முறையாளருக்கு 3,600 மணி நேரமும் குறைந்தபட்சப் படிப்பாக அது வரையறுத்தது; பதிவேட்டையும் கட்டாயமாக்கியது. மாநிலங்கள் தாமதித்ததால், இரு மாதங்களுக்குள் இதைச் செயல்படுத்துமாறு உச்சநீதிமன்றம் 2024 ஆகஸ்டில் உத்தரவிட நேர்ந்தது. இயன்முறைச் சிகிச்சையாளரின் இடம் இச்சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. உதவியாளரின் பணியும் எல்லையும் அதே தெளிவுடன் வகுக்கப்பட வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இது அவசரத் தேவை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. முதியோர் பெருகும் மாநிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் பட்டதாரிச் சிகிச்சையாளர் நாள்தோறும் செல்வது இயலாது. எனவே, உதவியாளரைத் தடுப்பது தீர்வாகாது. இரண்டாண்டுப் படிப்பு, பதிவு எண், மேற்பார்வையாளரின் பெயர் ஆகிய மூன்றையும் கட்டாயமாக்குவதே தீர்வு.

அனுபவத்தால் தொழில் கற்று, பல ஆண்டுகளாக நேர்மையுடன் உழைப்போரும் உண்டு. அவர்களை வெளியேற்றாமல், இணைப்புப் பயிற்சியும் தேர்வும் நடத்திப் பதிவேட்டுக்குள் கொண்டுவர வேண்டும். முறையான தகுதி அவர்களுக்கு உரிய ஊதியத்தையும் மதிப்பையும் பெற்றுத்தரும். நோயாளிக்கோ, தன்னைத் தாங்கும் கை பயின்ற கைதான் என்ற நம்பிக்கையைத் தரும்.