மாதவிடாய்க் கணக்கும் அதனை முன்கூட்டி வரவழைத்தலும்

நூல் கணக்கு, கூலிக் கணக்கு, உரக் கணக்கு, கடன் கணக்கு ஆகியவற்றைப் பற்றி நாம் இப்பக்கங்களில் அடிக்கடி எழுதி வருகிறோம். ஆனால் நம் இல்லத்துப் பெண்கள் மாதந்தோறும் மனத்திற்குள்ளேயே போட்டுவரும் கணக்கு ஒன்று உண்டு. அதனைப் பற்றி நாம் எழுதியது குறைவு. மாதவிடாய்க் கணக்கே அது. இப்பொருளைக் கண்டதும் ஆண் அங்கத்தினர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. மனைவியும் மகளும் உடன்பிறந்தாளும் நலமாயிருந்தால்தான் தறியும் ஓடும், வயலும் விளையும்.

ஊரில் திருவிழா வருகிறது. வீட்டில் கலியாணம் வருகிறது. விழாக்கால ஜவுளிக்காகப் பாவு முடித்துக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்குகிறது. அந்நாளிலேயே மாதவிடாயும் வந்துவிடுமோ என்று பெண் அஞ்சுகிறாள். அதற்கு முன்பே வந்து போய்விட்டால் நல்லது என்று எண்ணுகிறாள். அண்டை வீட்டுப் பாட்டி எள்ளும் வெல்லமும் தின்னச் சொல்கிறாள். மற்றொருத்தி பப்பாளிக் காயைச் சொல்கிறாள். கடைக்காரர் ஏதோ ஒரு மாத்திரையைத் தாளில் மடித்துக் கொடுக்கிறார். இவற்றுள் எது பயன் தரும், எது வீண், எது உயிருக்கே ஆபத்து என்பதை அறியவேண்டுமானால், மாதவிடாய் ஏன் வருகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மாதச் சுழற்சி நடைபெறும் விதம்

மாதவிடாய் தொடங்கும் நாளை முதல் நாளாகக் கொண்டு, அடுத்த மாதவிடாய் தொடங்கும் நாளுக்கு முந்திய நாள் வரை எண்ணினால் வருவது ஒரு சுழற்சி. 28 நாள் என்பது சராசரிக் கணக்கே. 21 நாள் முதல் 35 நாள் வரை எவ்வளவாயினும் இயல்பே என்று பொதுவாகக் கொள்வர். ஒரே பெண்ணுக்கு மாதத்திற்கு மாதம் சில நாட்கள் முன்பின்னாக மாறுவதும் இயல்புதான்.

சுழற்சியின் முற்பகுதியில் சினைப்பையினுள் ஒரு முட்டை முதிர்கிறது. அப்போது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் கருப்பையின் உட்புறத்தில் மெத்தென்ற ஒரு படலத்தை வளர்க்கிறது. விதை விழுவதற்கு முன்பே நாற்றங்காலைப் பண்படுத்துவது போன்றது இது. பின்னர் முட்டை வெளிப்படுகிறது. அதன் ஆயுள் ஒரு நாளுக்கு மேற்படுவதில்லை. முட்டை வெளிப்பட்ட இடத்தில் மஞ்சள் நிறமுள்ள ஒரு சிறு சுரப்பி உண்டாகிப் புரோஜெஸ்டிரோன் என்னும் மற்றொரு ஹார்மோனைச் சுரக்கிறது. அப்படலத்தைச் சிதையாமல் தாங்கி நிற்பது இந்த ஹார்மோனே.

கரு தங்கினால் அச்சுரப்பி நிலைத்து நிற்கும். தங்காவிடில் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் அது சுருங்கிவிடும். புரோஜெஸ்டிரோன் குறையும், தாங்குவாரின்றிப் படலம் கழன்று இரத்தத்துடன் வெளியேறும். இதுவே மாதவிடாய். இதில் அசுத்தம் என்பது ஏதுமில்லை. வெளியேறும் இரத்தமும் பலர் அஞ்சுவது போல் மிகுதியன்று. பெரும்பாலார்க்கு 30 முதல் 40 மில்லி லிட்டர், அதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவே. 80 மில்லி லிட்டருக்கு மேற்போனால் அதனை மிகையான போக்கு என்பர்.

முட்டை வெளிப்பட்ட சுமார் 14 நாட்களில் மாதவிடாய் வரும் என்னும் உண்மையை ஜப்பானில் ஓகினோ என்பவரும், ஆஸ்திரியாவில் க்னாவுஸ் என்பவரும் 1920ஆம் ஆண்டினை அடுத்த பத்தாண்டுகளில் தனித்தனியே ஆராய்ந்து வெளியிட்டனர். நம் கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது. சுழற்சியின் முற்பகுதி நீளலாம், குறுகலாம். பிற்பகுதி பெரிதும் மாறுவதில்லை. ஆகவே இம்மாதம் மாதவிடாய் எந்நாளில் வரும் என்பது, பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்கு முன்பே, முட்டை வெளிப்பட்ட அன்றே முடிவாகி விடுகிறது.

எள்ளும் வெல்லமும் பப்பாளியும்

இதனை மனத்திற்கொண்டு பாட்டி வைத்தியத்தை நோக்குவோம். ஒருத்திக்கு 30 நாள் சுழற்சி. அவளோ 28 நாள் என்று எண்ணிக் கொண்டிருக்கிறாள். நாள் தள்ளியதாகக் கருதி 29ஆம் நாளில் எள்ளுருண்டை தின்கிறாள். அடுத்த நாளுக்கடுத்த நாள் மாதவிடாய் வருகிறது. எள்ளுருண்டை வரவழைத்தது என்று ஊரெல்லாம் சொல்வாள். எள்ளுருண்டையைத் தொடாதிருந்தாலும் அன்றுதான் வந்திருக்கும்.

எள், வெல்லம், இஞ்சி, கருஞ்சீரகம், அன்னாசி, பப்பாளி ஆகியவை மாதவிடாயை நாள் குறித்து வரவழைக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று எதுவும் கிடைக்கவில்லை. உணவாக அளவோடு உண்பதில் குற்றமில்லை. எள்ளும் கீரையும் பருப்பும் உடலுக்கு நல்லவையே. வெந்நீர் ஒத்தடமும் வெந்நீர்க் குளியலும் அடிவயிற்று வலியைத் தணிக்கும். ஆனால் இவற்றால் நாள் மாறாது.

உணவுப் பொருளோடு நில்லாமல் வேர், கிழங்கு, பால் என்று செல்லும்போதுதான் ஆபத்து நேர்கிறது. செங்காந்தளை நம் பயிர்த்தொழில் அங்கத்தினர்கள் நன்கு அறிவர். கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு என்றெல்லாம் வழங்கும் இக்கொடியை மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் முதலிய பகுதிகளில் விதைக்காகப் பயிரிடுகின்றனர். அதிலுள்ள கோல்சிசின் என்னும் பொருள் மருந்துத் தொழிற்சாலைக்கு விலையுள்ளது. வாய்வழி உட்கொண்டால் கொடிய நஞ்சு. வாந்தியும் பேதியுமாகத் தொடங்கிச் சில நாட்களில் உறுப்புகளைச் செயலிழக்கச் செய்து உயிரைக் குடிக்கும். கருவைக் கலைக்கவும் விலக்கை வரவழைக்கவும் இக்கிழங்கையும் எருக்கம் பாலையும் கையாண்ட பழைய வழக்கம் எத்தனையோ பெண்களை மாய்த்திருக்கிறது. எவர் சொன்னாலும் இவற்றைத் தீண்டற்க.

மருத்துவர் கையாளும் முறை

மாதவிடாயை முன்கூட்டி வரவழைக்க வழியே இல்லையோ எனின், உண்டு. புரோஜெஸ்டிரோனைப் போன்று வேலை செய்யும் மாத்திரைகளைச் சில நாட்கள் கொடுத்து, பின்பு நிறுத்திவிடுவர். தாங்கி நின்றது விலகியதும், இயற்கையில் நடப்பது போலவே, சில நாட்களில் படலம் கழன்று வரும். கருத்தடை மாத்திரையை ஒழுங்காக உட்கொள்ளும் பெண்களுக்கும் அதனை நிறுத்திய இரண்டு நான்கு நாட்களில் போக்கு உண்டாகும். எந்நாளில் தொடங்கி எந்நாளில் நிறுத்துவது என்பதை அவரவர் சுழற்சியைக் கேட்டறிந்து மருத்துவர் கணக்கிடுவார். ஆதலின் விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஓடுவதில் பயனில்லை. ஒரு மாதம் அல்லது ஒன்றரை மாதம் முன்பே செல்லவேண்டும். நாள் நெருங்கிவிட்டதாயின், முன்கூட்டி வரவழைப்பதைவிடச் சில நாட்கள் தள்ளிப்போடுவதே எளிது. அதற்கும் மாத்திரை உண்டு.

இவ்வகை மாத்திரைகளுள் பெரிதும் வழங்கும் நோரெதிஸ்டிரோன் 1951இல் மெக்சிகோ நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் முதன்முதல் தயாரிக்கப்பட்டது. அதன் மூலப்பொருள், வள்ளிக் கிழங்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு காட்டுக் கிழங்கிலிருந்து கிடைத்தது என்பது பயிர்த்தொழிலோர்க்கு வியப்பளிக்கும். ஆனால் கிழங்கைத் தின்பதால் இப்பயன் கிட்டாது. ஆய்வுக்கூடத்தில் செய்யும் மாற்றத்தை நம் உடல் செய்வதில்லை.

இரத்தக் குழாயில் கட்டி உறைந்த வரலாறு உடையவர்கள், கல்லீரல் நோயாளர், மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள், காரணம் தெரியாத இரத்தப் போக்கு உள்ளவர்கள் ஆகியோர் இதனைத் தாமாக வாங்கி உண்பது பெருந்தவறு. மாதவிடாயைத் தள்ளிப்போடக் கொடுக்கும் நோரெதிஸ்டிரோன் கருத்தடையாக உதவாது என்பதையும் நினைவிற் கொள்க.

நாள் தள்ளினால் முதலில் செய்ய வேண்டுவது

வரவேண்டிய மாதவிடாய் வரவில்லையெனில், அதனை வரவழைக்க முயல்வதற்கு முன் கர்ப்பமா என்று பார்த்துவிட வேண்டும். விலக்காகவேண்டிய நாள் கடந்ததும் காலைச் சிறுநீரைக் கொண்டு வீட்டிலேயே சோதித்தறியும் அட்டை மருந்துக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் நாடலாம். கர்ப்பமில்லை என்று காட்டியும் மாதவிடாய் வராவிடில் ஒரு வாரம் கழித்து மீண்டும் சோதிக்க.

கர்ப்பம் உறுதியாகி, அதனைத் தொடர விருப்பமோ வசதியோ இல்லாதவர்கள் மறைவாகக் கடை மாத்திரை வாங்கி உண்பதுதான் நாம் மிகவும் அஞ்சுவது. கரு கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருக்குமாயின் அம்மாத்திரை பயன்படாது. குழாய் வெடித்து உயிர் போகவும் கூடும். ஒரு பக்கத்து அடிவயிற்றில் கடும் வலி, மயக்கம், தோள்வலி ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே 108க்குச் சொல்லி ஆஸ்பத்திரி சேர வேண்டும். சிறிது இரத்தம் கண்டதனாலேயே கர்ப்பமில்லை என்று முடிவு கட்டலாகாது.

மறைவுக்கு அவசியமும் இல்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டமும் 2021இல் அதற்குச் செய்த திருத்தமும், சட்டம் கூறும் காரணங்களின் பேரில், 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தைக் கொண்டும், சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை இரு மருத்துவரின் கருத்தைக் கொண்டும் கர்ப்பத்தை முடிக்க இடமளிக்கின்றன. 18 வயது நிறைந்தவளுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும். கணவன் கையொப்பத்தைச் சட்டம் கேட்பதில்லை. பெயரை வெளியிடுவது குற்றம். மணமாகாத பெண்களுக்கும் இவ்வுரிமை உண்டென 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கர்ப்பமன்றி வேறு காரணங்களாலும் நாள் தள்ளும். பூப்பெய்திய முதல் இரண்டு மூன்று ஆண்டுகள், தாய்ப்பால் கொடுக்கும் காலம், 45 வயதை ஒட்டிய காலம் ஆகியவற்றில் ஒழுங்கு மாறுவது இயல்பு. கடும் உழைப்பும் பட்டினியும் உடல் மெலிவும் மனக்கவலையும் முட்டை வெளிப்படுதலைத் தாமதிக்கச் செய்யும். தைராய்டு சுரப்பியின் கோளாறும், சினைப்பை நீர்க்கட்டி என்று வழங்கும் கோளாறும் இன்று பரவலாகக் காணப்படுகின்றன. இவற்றில் மூல காரணத்தைக் கவனித்தால் சுழற்சி தானே ஒழுங்குபடும். நாட்டுமருந்து கொடுத்து ஒரு மாதம் வரவழைப்பதனால் நோய் தீராது. மூன்று மாதம் தொடர்ந்து வராவிடினும், 15 வயதாகியும் பெண் பூப்பெய்தாவிடினும், ஏழு நாளுக்கு மேல் போக்கு நீடித்தாலும் மருத்துவரிடம் காட்டுவதில் காலம் தாழ்த்தலாகாது.

சங்கம் செய்யக்கூடியது

விலக்கு நாட்களில் வேலைக்கு வரவில்லையென்று கூலி பிடிக்கும் இடத்தில் பெண் தன் உடலையே பகையாகக் கருதத் தொடங்குகிறாள். மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களுள் பெருந்தொகையினர் இளவயதிலேயே கருப்பையை அகற்றிக்கொண்டிருந்த செய்தி 2019இல் வெளிப்பட்டு, அரசு குழு அமைத்து விசாரித்தது. ஒரு நாள் வேலை தவறினாலும் அபராதம் என்னும் ஏற்பாடு அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. கூட்டுறவு என்ற பெயர் தாங்கிய நம்மிடையே அந்நிலை தலைகாட்டலாகாது. தார் சுற்றும் பெண்ணுக்கும் களை எடுக்கும் பெண்ணுக்கும் அந்நாட்களில் இரண்டொரு நாள் வேலையை மாற்றிக் கொடுப்பது சங்கத்தால் ஆகாத காரியமன்று. பணியிடத்தில் தாழ்ப்பாள் உள்ள கழிவறையும், தண்ணீரும், துணி மாற்ற ஒதுக்கிடமும் அமைத்துக் கொடுப்பது கடமை. மலிவு விலை அணையாடை செய்யும் இயந்திரத்தை அமைத்து 2016இல் பத்மஸ்ரீ விருது பெற்ற கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் நெசவாளர் குடியில் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை. அணையாடைக்குப் பதிலாகப் பருத்தித் துணியையே பயன்படுத்துவோர் அதனைச் சோப்பிட்டு அலசி, மறைவில் அன்றி வெயிலில் உலர்த்துதல் வேண்டும்.

இறுதியாக, ஒவ்வொரு வீட்டிலும் நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. பால் கணக்கை அதிற் குறிக்கிறோம். மாதவிடாய் தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் ஒரு சிறு புள்ளியிட்டு அதே நாட்காட்டியில் குறித்து வருக. ஆறு மாதக் குறிப்பு கையிலிருந்தால், அடுத்தது எப்போது என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். விழா நாளை முன்னரே எண்ணி மருத்துவரைக் கலந்துகொள்ளலாம். நாள் தள்ளினாலும் உடனே புலப்படும். கணக்கில்லாத சங்கம் நிலைக்காது என்பதை நாம் அறிவோம். உடம்புக்கும் அவ்வாறே ஒரு கணக்கு வேண்டும். தாய்மார்கள் இதனை இம்மாதமே தொடங்கி, தம் பெண்மக்களுக்கும் நாணமின்றிக் கற்றுக்கொடுக்குமாறு வேண்டுகிறோம்.